டிக்கெட் இல்லாதவள் சொன்ன கருத்து

ஒரு மணிக்குப் படம் என்று போட்டிருந்தால் அது ஒன்று இருபதுக்குத்தான் ஆரம்பிக்கும். விளம்பரங்கள், வரப்போகும் படங்களின் துண்டுகள், கைப்பேசியை அணைக்கச் சொல்லும் பொம்மை, எல்லாம் முடிய வேண்டும். இது தெரியாதவர்கள் அரக்கப்பரக்க ஓடிவந்து, சோளப்பொரியை மடியில் கொட்டிக்கொண்டு உட்காருவார்கள். நான் ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை. சனிக்கிழமை மதியம் நிமிடத்துக்கு நிமிடம் எங்கே இருந்தேன் என்று நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் இந்த டுலூத் நகரத்துப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டவன் நான்.

இந்த நாற்காலியைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். கால் நீட்ட இடம் வேண்டும். எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வராது. ஞாயிற்றுக்கிழமை மேஜையில்கூட என் முறை வந்தால் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவேன். "என்னடா, பஸ் வந்துருச்சா?" என்று ஹெர்ஷல் கேட்பான். இருபத்திரண்டு வருடமாக அதே கேள்வி, அதே சிரிப்பு. நானும் சிரிப்பேன்.

அந்த மேஜையைப் பற்றித் தெரியாமல் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. நாங்கள் நாலு பேர். நான், என் மனைவி ரோவீனா, கப்பலில் சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்ற ஹெர்ஷல் டுபே, பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்த ஃபிலிஸ் ஆமுண்ட்சன். சனிக்கிழமை மதியம் அவரவர் வசதிப்படி போய்ப் படத்தைப் பார்த்துவிட வேண்டும். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, மலைச்சரிவின் அடியில் இருக்கிற சாப்பாட்டுக் கடையில், ஜன்னலோரத்து வட்ட மேஜையில் கூடி, பார்த்ததைப் பேச வேண்டும். வேறு விஷயம் பேசக் கூடாது. ஹெர்ஷலுக்கு இடுப்பு எலும்பு மாற்றியதைக்கூட அவன் தடியோடு வந்தபோதுதான் தெரிந்துகொண்டோம்.

விதிகள் மூன்று. மூன்றும் ரோவீனா போட்டவை. பேசுகிறவர் முதலில் தன் டிக்கெட் துண்டை மேஜை நடுவில் இருக்கிற காலித் தேன் ஜாடியில் போட வேண்டும். துண்டு இல்லையென்றால் பேச்சு இல்லை. ஆளுக்கு மூன்று நிமிடம், அதற்கு ஃபிலிஸ் வீட்டிலிருந்து முட்டை வேகவைக்கிற கடிகாரத்தைக் கொண்டுவருவாள். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. மணி அடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கடித்துக் குதறலாம்.

ரோவீனா பேசுவதை நீங்கள் கேட்டதில்லை. அது உங்கள் துரதிர்ஷ்டம், நான் மனதாரச் சொல்கிறேன். ஒரு தடவை ஒரு போர்ப் படம். நாங்கள் மூவரும் குண்டு, புகை, பையன் செத்த இடம் என்று மாறி மாறிப் பேசி முடித்தோம். ரோவீனா துண்டை ஜாடியில் போட்டுவிட்டு, "அந்த அம்மாவுக்கு முன்னாடியே தெரியும். கடுதாசியப் பிரிக்கறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயி அடுப்ப அணைச்சா, பாத்தீங்களா? கெட்ட செய்தின்னு தெரிஞ்சவதான் அடுப்ப அணைப்பா" என்றாள். அவ்வளவுதான். இன்னும் இரண்டரை நிமிடம் பாக்கி இருந்தது. ஹெர்ஷல் அன்று மதியமே மறுபடி டிக்கெட் எடுத்துக்கொண்டு அந்த அடுப்பைப் பார்க்கப் போனான்.

என் முறை வந்தால்தான் எல்லோருக்கும் காபி ஞாபகம் வரும். ஒளிப்பதிவு அருமை என்பேன். இசை கொஞ்சம் அதிகம் என்பேன். கதாநாயகனின் நடிப்பு இயல்பாக இருந்தது என்பேன். பரிமாறுகிற பெண் கரண்டிகளை மாற்றிவைப்பாள், ஃபிலிஸ் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழிப்பாள். "இவன் படம் பாக்கப் போனானா, ஜன்னல் கண்ணாடி வாங்கப் போனானா? பளிச்சுன்னு இருந்துச்சாம், கீறல் இல்லையாம்" என்பான் ஹெர்ஷல். பேசி உட்கார்ந்த பிறகு மேஜைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த என்னால் முடிந்ததில்லை. நானும் அதே படத்தைத்தான் பார்த்தேன், அவள் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன். அடுப்பை நான் ஏன் பார்க்கவில்லை என்று பல வாரம் யோசித்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், பிப்ரவரியில், ரோவீனாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால். பேச்சு கொஞ்சம் இழுத்தது, ஆனால் மூளை பழையபடியே இருந்தது. படிக்கட்டு ஏற முடியாது என்பதால் திரையரங்கம் நின்றுபோயிற்று. வீட்டிலிருந்தே கருத்தைச் சொல்லி அனுப்பட்டும், விதியைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று ஃபிலிஸ் தொலைபேசியில் சொன்னாள். ரோவீனா ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் போட்ட விதிய நானே மீறினா, அடுத்த வாரமே ஹெர்ஷல் பேப்பர்ல விமர்சனத்தப் படிச்சிட்டு வந்து பேசுவான். துண்டு இல்ல, பேச்சு இல்ல. வை போன."

ஆகவே சனிக்கிழமைகளில் நான் தனியாகப் போனேன். திரும்பி வந்ததும் அவள் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு, "ம், சொல்லு. முதல்லேருந்து சொல்லு. எதையும் விடாத" என்பாள். நான் அறைக்குள் நடந்துகொண்டே சொல்வேன். நான் நல்ல கதைசொல்லி அல்ல. ஆனால் அட்டவணை போட்டுப் பழகியவன், வரிசை மாறாது.

அப்படிச் சொன்ன முதல் படம் ஒரு பால்பண்ணைக் குடும்பத்தைப் பற்றியது. அப்பா, மூன்று மகன்கள், சண்டை, தீ விபத்து, சமாதானம். முழுக்கச் சொல்லி முடித்தேன். அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"அந்த அம்மா அவங்களோட உக்காந்து சாப்ட்டாளா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல. நின்னுட்டுதான் இருந்தா."

"எப்பவுமா?"

"கடைசிச் சீன்ல உக்காந்தா. மாட்டுக் கொட்டகை எரிஞ்ச மறுநாளு."

"அப்ப அதுதாம்ப்பா கதை. அந்த வீட்ல ஒரு பொம்பளைக்கு நாற்காலி கெடைக்கறதுக்கு ஒரு கொட்டகை எரிய வேண்டியிருக்கு. மத்த சண்டையெல்லாம் சும்மா சத்தம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் துண்டை ஜாடியில் போட்டேன். எழுந்து நின்றேன். ஒளிப்பதிவு என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அந்த நாற்காலி. ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். பரிமாறுகிற பெண் காபிக் கூஜாவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். ஃபிலிஸ் கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துபோனாள். ஹெர்ஷல் கிண்டல் செய்யவில்லை. "இத்தன வருஷமா இத எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டான்.

ரோவீனா சொன்னது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டிக்கெட் துண்டு என்னுடையது. இருட்டில் உட்கார்ந்து பார்த்த கண் என்னுடையது. அந்த அம்மா நின்றுகொண்டிருந்ததை அவளுக்குச் சொன்னது நான். அவள் அதை எடுத்துக் காட்டினாள், அவ்வளவுதான். இதில் திருட்டு எங்கே வந்தது?

அதற்குப் பிறகு இரண்டு வருடம் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே எழுந்து சட்டைக்கு இஸ்திரி போடுவேன். என்னைக் கடைசியில் பேசவைத்தார்கள். கடைசி இடம் ரோவீனாவுடையது. "மகாராணி படுத்தப்புறம்தான் உனக்கு நாக்கு வந்துருக்கு" என்றான் ஹெர்ஷல். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

இப்போது மாத்திரை விஷயம். நீங்கள் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறீர்கள்.

ஆரம்பத்தில் பக்கத்து வீட்டம்மாளின் தங்கை சனிக்கிழமைகளில் வந்து ரோவீனாவோடு இருந்தாள். அவள் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமை நான் படத்தில் இருந்தபோது ரோவீனா தானாக எழுந்து நடக்கப் பார்த்துக் குளியலறையில் விழுந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் தரையிலேயே கிடந்தாள். நான் வந்து தூக்கியபோது அழவில்லை. "படம் எப்படி?" என்றுதான் கேட்டாள். அதிலிருந்து, இரவில் தூக்கத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் ஒன்றை, சனிக்கிழமை மதியம் ஆப்பிள் கூழில் பொடித்துக் கலந்து கொடுத்தேன். தூங்குகிறவள் விழ மாட்டாள். பாதுகாப்புக்காகச் செய்ததுதான்.

ஒன்றரை மணி நேரப் படத்துக்கு ஒன்று. இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் போனால் இரண்டு. படத்தின் நீளத்தை முன்கூட்டியே பார்த்து, முன்னால் ஓடும் இருபது நிமிடத்தையும், கார் ஓட்டும் நேரத்தையும் கூட்டிக்கொள்வேன். நான் வீட்டுக்குள் நுழைந்து கோட்டைக் கழற்றுகிற நேரத்தில் அவள் கண் விழிப்பாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றிருப்பாள். வேண்டாம் என்கிறவளுக்குக் கொடுப்பது தப்பாகியிருக்கும், அதனால் கேட்கவில்லை.

அவள் தூங்குகிறாள் என்று தெரிந்தாலும் படம் பார்க்கும்போது எனக்கு இருப்புக் கொள்ளாது. அது அவளுக்காக அல்ல. எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயம். திரையில் ஒருத்தி கதவைச் சாத்தினால், இதுதான் அடுப்போ, இதுதான் நாற்காலியோ என்று இருக்கையின் நுனிக்கு வந்துவிடுவேன். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் பார்ப்பேன். திரைச்சீலையின் நிறம், கோப்பையில் மிச்சமிருந்த காபி. எதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் கொட்டுவேன், அவள் ஒன்றை எடுப்பாள்.

போன மாதம் ஒரு தப்பு நடந்தது. மனைவியை இழந்த ஒருவர் வீட்டை விற்கப் பார்க்கிறார், மகள் சாமான்களைக் காலி செய்ய வருகிறாள் என்று ஒரு படம். மெதுவாகப் போகிற படம். முந்தின இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. நடுவில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மகள் வீட்டை விற்கவே கூடாது என்று கத்திக்கொண்டிருந்தாள். ஏன் மனம் மாறினாள் என்று தெரியவில்லை. தூங்கிவிட்டேன் என்று ரோவீனாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த இடத்தில் நானாக ஒரு காட்சியைச் செருகினேன். மகள் அலமாரியில் அம்மாவின் செருப்பைக் கண்டெடுத்துப் போட்டுப் பார்க்கிறாள், அது அவளுக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று சொன்னேன். அப்போதைக்கு வாயில் வந்தது.

ரோவீனா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "அட! அந்த நிமிஷத்துலேருந்து அவ மகள் இல்ல. அந்த வீட்டுக்காரி. அப்பன் விக்கறது வீட்ட இல்ல, இவளத்தான்னு அவளுக்குத் தோணிருச்சு. எடுத்தவன் கெட்டிக்காரன்பா" என்றாள்.

மறுநாள் அதை மேஜையில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். முடித்ததும் ஃபிலிஸ் ஹெர்ஷலைப் பார்த்தாள்.

"எந்தச் செருப்புடா?" என்றான் ஹெர்ஷல்.

"அலமாரில. அம்மாவோட செருப்பு."

"அவ அலமாரியத் தொறக்கவே இல்லையே. மாடிப்படில உக்காந்து பழைய டேப் ஒண்ணப் போட்டுக் கேட்டா. அம்மா கொரல். அதான அந்தச் சீனு? நீ எந்தத் தியேட்டர்ல பாத்த?"

ஏதோ ஞாபகப் பிசகு என்று சொல்லிச் சமாளித்தேன். ஃபிலிஸ் நல்லவள். "எனக்கும் போன வருஷம் இப்படித்தான் ரெண்டு படம் கலந்துபோச்சு" என்றாள். ஹெர்ஷல் விடுகிற ஆள் இல்லை. புதன்கிழமை மதியம், நான் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு ரோவீனாவைப் பார்க்கப் போயிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது அவன் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலை இறக்கி, "செருப்பு சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

உள்ளே ரோவீனா தட்டில் அந்தப் பலகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வந்திருந்தது. சிரித்துச் சிரித்து வந்த நீர்.

"செருப்புன்னு ஒண்ணு படத்துலயே இல்லையாமே? இல்லாத செருப்புக்கு நான் கண்ண மூடிக்கிட்டு வியாக்கியானம் சொல்லியிருக்கேன், நீ அத அங்க போயி ஒப்பிச்சிருக்க." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சிரித்தாள். "நாற்காலியும் சொன்னியாம். ரெண்டு வருஷமா எல்லாம் சொன்னியாம். ஹெர்ஷல் வரிசையா சொல்றான், நான் முழிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. எதுக்கு? பாவம், ரெண்டு வருஷம் சந்தோஷமா இருந்திருக்க. எங்கிட்டச் சொல்லியிருந்தா இன்னும் நல்லதாவே குடுத்திருப்பேனேடா, ஓரின்."

அவள் கோபப்பட்டிருந்தால் நாம் இப்போது இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். கோபத்துக்கு ஒரு பதில் உண்டு. அவள் எனக்காக வருத்தப்பட்டாள். பலகாரத்தில் பெரிய துண்டாக வெட்டி என் பக்கம் தள்ளினாள்.

பிறகுதான் அதைச் சொன்னாள். செவ்வாய், வியாழன்களில் வந்து பயிற்சி கொடுக்கிற பெண்ணோடு அவள் மாடிப்படி ஏறிப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு படி, தடியோடு. திரையரங்கத்தில் ஒன்பதுதான்.

"சனிக்கிழமை நானும் வரேன். ரெண்டு டிக்கெட்டா எடு. ஞாயித்துக்கிழமை எனக்குத் துண்டு இருக்கும், நானே பேசிக்குவேன். நீ உன்னோடத பேசு."

"என்னோடதுன்னா?"

"உனக்குத் தோணுறது. தோணும்ப்பா. பயப்படாத."

அந்த வாரம் நான் நடந்த நடை கொஞ்சமல்ல. சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து சமையலறை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று, எப்போதோ பார்த்த படத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேசிப் பார்த்தேன். ஒளிப்பதிவு அருமை, இசை கொஞ்சம் அதிகம். நாற்பது வினாடியில் தீர்ந்துபோயிற்று. வியாழக்கிழமை அவள் ஃபிலிஸுக்குத் தொலைபேசி செய்து தான் வரப்போவதைச் சொன்னாள். மறுமுனையில் ஃபிலிஸ் கத்திய கத்தல் எனக்கே கேட்டது. முதுகுக்கு மெத்தை கொண்டுவருகிறேன், உன் இடத்தில் உன் நாற்காலி, கடைசியில் நீதான் பேச வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். அப்படியானால் நான் அவளுக்கு முன்னால் பேச வேண்டும். என் நாற்பது வினாடி முடிந்ததும் அவள் தன் துண்டை ஜாடியில் போடுவாள். இரண்டு வருடமாக நான் பேசியது யாருடையது என்று யாரும் சொல்லாமலே ஹெர்ஷலுக்குப் புரிந்துவிடும். அவன் பெரிய சமையல்காரன், எந்தக் கை போட்ட உப்பு என்று அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கே ரோவீனா தயாராகிவிட்டாள். பச்சைக் கோட்டு. உதட்டுச் சாயம், இடது பக்கம் கொஞ்சம் இழுபட்டிருந்தது. பூட்ஸை நான்தான் மாட்டிவிட்டேன். வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தடியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு டிக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே குளிர் கடுமை, கிளம்புகிறதற்கு முன் சூடாக ஏதாவது குடி என்று சொல்லிக் கோக்கோ போட்டேன்.

படத்தின் நீளம் ஒரு மணி முப்பத்துநாலு நிமிடம். என் கணக்குப்படி ஒரு மாத்திரை போதும். அன்று எத்தனை போட்டேன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. டப்பாவில் இருந்ததையெல்லாம் போட்டேன். எண்ணவில்லை.

"கசக்குதேப்பா" என்றாள்.

"கறுப்புக் கோக்கோ. சர்க்கரை கம்மி."

முழுவதையும் குடித்தாள். சந்தோஷத்தில் இருந்தாள், அதனால் மறுத்துப் பேசவில்லை. பத்து நிமிடம் ஹெர்ஷலைப் பற்றிப் பேசினாள். அப்புறம் பேச்சு குழறியது. "டைம் ஆச்சா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். தலை கோட்டுக் கழுத்துக்குள் சாய்ந்தது. கையிலிருந்த டிக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு, தடி உருண்டு சத்தம் போடாமல் சுவரில் சாத்திவைத்துவிட்டுப் போனேன். நான் கார் எடுத்தபோது மணி பன்னிரண்டு நாற்பது.

படம் ஒரு பனிச்சறுக்கு அரங்கத்தில் வேலை செய்கிறவரைப் பற்றியது. தினம் வண்டி ஓட்டிப் பனித்தரையை மழமழவென்று ஆக்குகிற ஆள். மகளோடு பல வருடமாகப் பேச்சில்லை. கடைசியில் நெடுந்தூரம் பேருந்தில் போய் அவள் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கவில்லை. நிற்கிறார். திரை இருண்டுவிடுகிறது. சுற்றி இருந்தவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியும், அதைச் சொன்னால் பரிமாறுகிறவள் கரண்டி மாற்றப் போய்விடுவாள். என்னோடது என்று ஒன்று வரும் என்று பெயர்களெல்லாம் ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். விளக்கு போட்டுவிட்டார்கள். வரவில்லை.

மூன்று இருபத்தைந்துக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அவளுக்கு மூச்சு இருந்தது. குறட்டை மாதிரி, நடுவில் விட்டு விட்டு. உதட்டின் நிறம் மாறியிருந்தது. அப்போதுகூடத் தொலைபேசியை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் சொல்கிறீர்கள். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் என் நிலையையும் பாருங்கள். மறுநாள் பதினொரு மணிக்கு மேஜை. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அதனால் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் முன்னால் உட்கார்ந்து படத்தைச் சொன்னேன். முதலிலிருந்து, எதையும் விடாமல். அவருடைய கையுறை, வண்டியின் விளக்கு, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கொடுத்த ஆரஞ்சு, கதவின் நிறம். நான் அவ்வளவு நன்றாக எந்தப் படத்தையும் சொன்னதில்லை. ஒரு தடவை முடித்து, பதில் வராததால், இரண்டாவது தடவையும் சொன்னேன். இரண்டாவது தடவை அவர் வாசலில் நிற்கிற இடத்துக்கு வந்தபோது அவள் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"குளிருது" என்றாள்.

போர்வை சோபாவின் கைப்பிடியிலேயே இருந்ததே, ஏன் எடுத்துப் போர்த்தவில்லை என்று கேட்கிறீர்கள். நான் பென்சில் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பென்சில் வைத்த இடத்தில் இருக்காது. கிடைத்து, எழுதிவைத்துக்கொண்டு, வேறேதாவது சொல்வாளா என்று காத்திருந்தேன். ஐந்தேகாலுக்குப் பிறகு காத்திருக்கத் தேவைப்படவில்லை.

ஞாயிறு காலை இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். அவள் நாற்காலியில் மெத்தை போட்டுவைத்திருந்தார்கள். தூங்குகிறாள், நேற்றுப் படியேறியது களைப்பு என்றேன். ஃபிலிஸின் முகம் வாடிப்போயிற்று. ஹெர்ஷல் பேசினான், மன்னிப்பைப் பற்றி. ஃபிலிஸ் பேசினாள், அவளும் மன்னிப்பைப் பற்றித்தான். பிறகு நான் துண்டைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

"அந்த ஆளு மன்னிப்புக் கேக்க வரல. அவருக்குக் குளிருது. வாழ்க்கை பூரா பனிக்கட்டி மேலயே இருந்தவரு. உள்ள வரணும், அவ்ளோதான். மன்னிக்க வேண்டாம், பேச வேண்டாம், கதவத் தொறந்தாப் போதும்" என்றேன்.

ஃபிலிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். ஹெர்ஷல் டுபே அழுது நான் அன்றுதான் பார்த்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரோவீனா பேசுற மாதிரியே இருக்குடா" என்றான். இதை அவகிட்ட இப்பவே சொல்லணும் என்று எழுந்து, மேஜையில் மிச்சமிருந்த பலகாரத்தைப் பெட்டியில் போட்டு வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டுக்குக் கிளம்பினான். வாசலில் கால்மிதிக்கு அடியில் சாவி இருப்பது அவனுக்குத் தெரியும். நான் தடுக்கவில்லை. என் காபி இன்னும் ஆறாமல் இருந்தது, குடித்துக்கொண்டிருந்தேன். ஃபிலிஸின் கைப்பேசி அடித்தபோது பாதிக்கோப்பை மிச்சமிருந்தது.

மாத்திரை நான் போட்டதுதான். தெரிந்தே போட்டேன், அவள் அந்த மேஜைக்கு வரக் கூடாது என்று போட்டேன். பாதுகாப்பு என்று முன்னால் சொன்னதை அடித்துவிடலாம். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் ஹெர்ஷல் உங்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறான், அதை மட்டும் திருத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் பேசியதும் ரோவீனாவிடம் திருடியதுதான் என்று சொல்லியிருக்கிறான். அது பொய். அவள் சொன்னது ஒரே ஒரு வார்த்தை, அதுவும் அந்த ஆளைப் பற்றி அல்ல. அவர் வாசலில் நிற்பது, உள்ளே வர விரும்புவது, கதவைத் திறந்தால் போதும் என்பது, இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் எனக்கே தோன்றியது. எனக்கும் தோன்றும் என்று அவள்தான் சொன்னாள். அது என் சொந்தக் கருத்து என்று எழுதிக்கொள்ளுங்கள்.